‘கடல்’ என்றால் அவுட்!

பிள்ளைகளின் தமிழ் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை பதில் சொல்கிறார்.

ஒன்றாம் வகுப்புப் பையனின் அம்மா, மதுரை: டீச்சர், 247 எழுத்தையும் கட்டம் போட்டு தினம் ஒரு வரிசையாக எழுத வைக்கிறேன். க வரிசை ஒருவழியாக முடிந்தது. ங வரிசைக்கு வந்ததும் அழுகிறான். அடித்தும் பார்த்துவிட்டேன். என்ன செய்வது?

முதலில் அடிப்பதை நிறுத்துங்கள். ங வரிசைக்கு அழுவது நியாயமான அழுகை. ஙி, ஙீ, ஙு, ஙூ என்று எழுதிக்கொண்டே போகிறானே, அதில் ஒன்றையாவது அவன் வாழ்க்கையில் எங்காவது பார்த்திருப்பானா? நீங்களும் நானும்கூடப் பார்த்ததில்லை. நமக்குத் தினமும் வேண்டியது புள்ளி வைத்த ‘ங்’ மட்டும்தான், மாங்காயிலும் சங்கிலும் வருகிறதே அது. ஔவையாருக்கே ங-வில் தொடங்கும் சொல் அகப்படவில்லை, ‘ஙப் போல் வளை’ என்று அந்த எழுத்தின் உருவத்தையே பாடமாக்கிவிட்டார். ஔவையாருக்கே அந்தக் கதி என்றால் உங்கள் பையன் எம்மாத்திரம்?

247 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, மீதி 216-ம் உயிரும் மெய்யும் ஒன்றோடொன்று சேர்ந்து உண்டானவை. கொம்பும் காலும் சுழியும் பிடிபட்டுவிட்டால் பெரும்பாலானவை தானாக வந்துவிடும். (உ, ஊ வரிசைகள்தான் கொஞ்சம் அடம்பிடிக்கும். கு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, பு இன்னொரு மாதிரி. அதற்கு மட்டும் தனியாக நாள் ஒதுக்குங்கள்.)

நான் அகர வரிசையில் ஆரம்பிக்கவே மாட்டேன். ட, ப, ம என்ற மூன்றில்தான் தொடங்குவேன். ட என்றால் ஒரு சுவரும் ஒரு தரையும். எதிர்ப்பக்கம் இன்னொரு சுவர் வைத்தால் ப. அந்தச் சுவர் சுருண்டு உள்ளே வந்தால் ம. வளைவும் சுழியும் அதிகம் இல்லாததால் பிஞ்சு விரலுக்கு வலிக்காது. அப்புறம் இந்த மூன்றே எழுத்தில் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும், ஒரு புள்ளியை மட்டும் துணைக்குக் கூப்பிட்டால் போதும்.

இதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. முதல் நாளே ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து ‘மடமட’ என்று குடிக்கச் சொல்வேன். ஓடிவிட்டு வந்து நெஞ்சில் கை வைத்தால் ‘படபட’. மேசையைத் தட்டினால் ‘டமடம’. மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டால், பள்ளிக்கு வந்த முதல் நாளிலேயே பிள்ளை மூன்று சொல் படித்துவிட்டு வீட்டுக்குப் போகும். இதற்கு இரட்டைக்கிளவி என்று பெயர் இருப்பது அவனுக்கு நாலைந்து வருடம் கழித்துத் தெரிந்தால் போதும். அன்றைக்கு ஆசிரியர் ‘பிரித்தால் பொருள் தராது’ என்று சொல்லும்போது, ‘மட’ என்று ஒரு தடவை மட்டும் சொல்லித் தண்ணீர் குடிக்க முடியாது என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ‘பாம்பு பாம்பு’ என்று கத்துவது வேறு சாதி, அது அடுக்குத்தொடர். ஒரு தடவை கத்தினாலும் பாம்பு பாம்புதான்.

ஒரு அப்பா, கோவை: காரில் போகும்போது நானும் என் ஏழு வயது மகளும் கடைசி எழுத்தில் அடுத்த சொல் சொல்லும் விளையாட்டு ஆடுகிறோம். ‘கடல்’, ‘மான்’, ‘வீடு’ என்றே சொல்லி என்னை மாட்டிவிடுகிறாள். நான் ‘லட்டு’ என்றால் ‘செல்லாது, பாட்டி சொன்னாங்க’ என்கிறாள். யார் சொல்வது சரி?

பாட்டி சொல்வது நன்னூல்படி சரி. உங்கள் மகள் செய்வது அதைவிடக் கெட்டிக்காரத்தனம். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. மொழிமுதல் எழுத்துகள் என்று பத்தாம் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்தோமே, அதை இந்தக் குழந்தை உங்களை ஜெயிக்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் தானாகவே கண்டுபிடித்துவிட்டது. ‘கடல்’ என்றால் அப்பா அவுட் என்று அவளுக்குத் தெரியும், அது ஏன் என்றுதான் இன்னும் தெரியாது.

அந்த ‘ஏன்’ வரைக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போவதுதான் உங்கள் வேலை. ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி மாட்டிவிடும் சொல்லுக்கு ‘முட்டுச்சந்து’ என்று பெயர் வையுங்கள். முட்டுச்சந்து சொன்னால் ஒரு புள்ளி உண்டு, ஆனால் எந்த எழுத்தால் சந்து அடைபட்டது என்றும் அவள் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அடுத்த சொல்லை எந்த எழுத்தில் தொடங்குவது என்பதும் அவள் இஷ்டம். இரண்டு வாரம் ஆடினால் எட்டு எழுத்தும் விரல் நுனியில் நிற்கும். ‘அம்மா’, ‘மாமா’ என்று சுற்றிச் சுற்றி வராமல் இருக்க, ஒரு சொல் ஒரு தடவைதான் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

லட்டு, ரயில், டம்ளர் எல்லாம் வெளியிலிருந்து வந்த விருந்தாளிகள். பழைய புத்தகங்களில் இராமன், இரயில், இலட்டு என்று முன்னால் ஒரு இ நிற்கும், வாசலில் காவல்காரர் மாதிரி. அதைச் சொல்லி, ‘இலட்டு, இலாரி, இரப்பர்’ என்று ஒரு நாள் முழுக்கப் பேசிப் பாருங்கள், சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

எட்டு வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகளின் அம்மா, திருச்சி: இரண்டும் எந்நேரமும் ‘கக கக’ என்று ஏதோ பாஷை பேசிக்கொள்கின்றன. மாமியார் ‘தமிழே கெட்டுப்போகும், நிறுத்தச் சொல்லு’ என்கிறார். கெட்டுப்போகுமா?

அடடா, க-பாஷை இன்னும் உயிரோடு இருக்கிறதா! இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு மனசு அந்தக் காலத்து மூன்றாம் வகுப்பு பெஞ்சுக்குப் போய்விட்டது. டீச்சருக்குப் புரியாது என்ற நம்பிக்கையில் அவர் முன்னாலேயே அவர் கொண்டையைப் பற்றிப் பேசுவோம். அவருக்கும் அது புரிந்திருக்கும் என்பது நான் டீச்சரான பிறகுதான் உறைத்தது. அவரும் சின்னப் பிள்ளையாக இருந்தவர்தானே.

மாமியாரிடம் சொல்லுங்கள், தமிழ் கெடாது. ஒவ்வொரு எழுத்துக்கு முன்னாலும் ஒரு க சேர்ப்பதுதான் அந்த பாஷை. ‘நீ வா’ என்பது ‘கநீ கவா’. ‘பசிக்குது’ என்பது ‘கப கசிக் ககு கது’. இதை வேகமாகப் பேச வேண்டுமென்றால் ஒரு சொல்லை எழுத்தெழுத்தாக மனசுக்குள்ளேயே வெட்டத் தெரிய வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்கு எது வராமல் இருக்கிறதோ, அதுதான் இது. காது வெட்டிக் கொடுத்தால்தான் கை எழுதும். அந்த வேலையை யாரும் சொல்லாமலே உங்கள் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்கிறார்கள், நிறுத்தச் சொல்வது எதற்கு?

இன்னொரு விஷயம் இதற்குள் ஒளிந்திருக்கிறது, அதைக் கவனித்தீர்களா? ‘பசிக்குது’ என்ற சொல்லில் எழுத்து ஐந்து, ஆனால் சேர்ந்த க நாலுதான். நடுவில் இருக்கும் ‘க்’-குக் க போடவே முடியாது, அது முந்தின ‘சி’-யோடு ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது. மெய் தனியாக நிற்காது, ஓர் உயிரோடு சேர்ந்துதான் நடக்கும் என்று எத்தனை வருடம் நான் வகுப்பில் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன்! ஒரு நாள் பெரியவளைக் கூப்பிட்டு, ‘எந்த எழுத்துக்கெல்லாம் உன் பாஷையில் க போட முடியலை?’ என்று மட்டும் கேளுங்கள். பட்டியலும் அவளே போடட்டும். அதில் எல்லாமே புள்ளி வைத்த எழுத்தாக இருப்பதை அவளே பார்த்துச் சொல்லும் வரைக்கும் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் கஷ்டம், எனக்கும் கடைசி வரைக்கும் அது முழுசாகக் கைவரவில்லை.

க சலித்துப்போனால் ப-பாஷை, ம-பாஷை என்று மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மாமியாரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது, அவருக்கு இந்த பாஷை நிச்சயம் தெரிந்திருக்கும்.

மூன்றாம் வகுப்புப் பெண்ணின் அம்மா, தூத்துக்குடி: ர-ற, ன-ண, ல-ள-ழ எல்லாவற்றிலும் பிழை. பத்துத் தடவை எழுத வைத்தாலும் மறுநாள் அதே பிழை.

பத்துத் தடவை எழுதினால் கை வலிக்கும், காதுக்கு ஒன்றும் தெரியாது. மூன்றையும் ஒரே நோயாக நினைக்காதீர்கள், மருந்து வேறு வேறு.

ல, ள, ழ வாயில் கிடைக்கும் வித்தியாசம். ல சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல் ஈறைத் தொடும், ள-வுக்கு வளைந்து மேலண்ணத்தைத் தொடும், ழ-வுக்கு வளையும், ஆனால் ஒட்டாது. கண்ணாடி முன்னால் நின்று ‘புலிக்குப் புளி பிடிக்குமா?’, ‘மலைமேல் மழை’, ‘வாலில் வாளைக் கட்டி வாழ்கிற குரங்கு’ என்று நீங்களே அசட்டுத்தனமாக வாக்கியம் கட்டிச் சொல்லிக்கொண்டே இருங்கள். வாழைப்பழத்தை நம் பக்கத்தில் ‘வாளப்பளம்’ என்போம், அதற்காகப் பிள்ளையைத் திட்ட வேண்டாம். வீட்டில் பேசுவது வீட்டுத் தமிழ், எழுதும்போது மட்டும் நாக்கை ஒட்டாமல் வளைத்துச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

ர, ற அப்படியில்லை. நம்மில் பெரும்பாலோர் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன, குமரி மாவட்டத்துக்காரர்கள் மாதிரிச் சிலர்தான் பிரித்துச் சொல்கிறார்கள். காதுக்கு வராததைக் கண்ணுக்குத்தான் பழக்க வேண்டும். நான் இரண்டு வீடு கட்டுவேன். ‘ரும்பு’ வீட்டில் கரும்பு, இரும்பு, அரும்பு, துரும்பு, திரும்பு, விரும்பு எல்லாம் குடியிருக்கும். ‘றும்பு’ வீட்டில் இரண்டே பேர், எறும்பும் குறும்பும். சின்ன வீடு, அதில் ஓர் எறும்பு குறும்பு செய்துகொண்டிருக்கிறது என்று படம் போட்டுவிட்டால் பிள்ளை மறக்காது. ‘நாய் குரைத்தது, சத்தம் குறைந்தது’ என்பதும் என் வகுப்பில் செல்லமான வாக்கியம். குரைத்துக்கொண்டே சின்ன ர-வில் நிற்பார்கள், ற வந்ததும் குசுகுசுவென்று குரலை இறக்குவார்கள். அப்புறம், ர் பக்கத்தில் இன்னொரு ர வராது, ‘காற்று’, ‘வெற்றி’ என்று இரட்டிக்கும் இடமெல்லாம் பெரிய ற-தான்.

ன, ண, ந-வுக்கு எந்தப் புது விளையாட்டும் வேண்டாம், விடை பெயரிலேயே இருக்கிறது. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். ட-வுக்கு முன்னால் ண் (வண்டு), த-வுக்கு முன்னால் ந் (பந்து), ற-வுக்கு முன்னால் ன் (கன்று). எழுத்துக்குப் பெயர் வைத்தவர் எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார் பாருங்கள். நாம்தான் ‘ரெண்டு சுழி, மூணு சுழி’ என்று சுழியை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கும்பகோணம்: விளையாட்டு விளையாட்டு என்று சொல்லி இலக்கணத்தைக் கேலிக்கூத்தாக்குகிறீர்கள். நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து ஒப்பித்துத்தான் படித்தோம். எங்கள் தமிழில் என்ன குறை கண்டீர்?

ஒரு குறையும் இல்லை ஐயா, உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஒப்பிப்பதை நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ‘ஆனா, ஆவன்னா’ என்று ராகம் போட்டு இழுத்தீர்களே, அதுவும் ஒரு பாட்டுத்தான். எனக்குச் சண்டை பயத்தோடுதான்.

ஆனால் விளையாட்டு இலக்கணத்துக்கு அந்நியம் என்று மட்டும் சொல்லாதீர்கள். மாத்திரைக்குத் தொல்காப்பியம் சொல்லும் அளவு என்ன? கண்ணிமையும் நொடியும். கண்ணைச் சிமிட்டு, விரலை நொடி என்று பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் விளையாடாமல் வேறென்ன செய்வார்கள்? குறிலுக்கு ஒரு நொடி, நெடிலுக்கு இரண்டு என்று விரலால் நொடிக்க வைத்து, ‘கல்’ என்பதை ‘கால்’ ஆக்கு, ‘பல்’லைப் ‘பால்’ ஆக்கு, ‘படம்’ ‘பாடம்’ ஆகட்டும், ‘முடி’ மேல் ‘மூடி’ போடு, ‘வடை’யின் ‘வாடை’ வரட்டும் என்று வகுப்பே நொடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்ததுண்டு. ‘விடு’ என்பதற்கு இன்னொரு நொடி கொடுத்து ‘வீடு’ என்று கண்டுபிடித்த பையன் அன்றைக்கு முழுக்க ‘வீட்டுக்கு விடு, வீட்டுக்கு விடு’ என்று என்னை நச்சரித்தான்.

திருஞானசம்பந்தர் மாலைமாற்று பாடியிருக்கிறார், முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றே. காளமேகப் புலவர் ககர வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு காக்கையையும் கூகையையும் சண்டைக்கு விட்டார். அவர்கள் செய்தால் சித்திரகவி, என் வகுப்புப் பிள்ளைகள் ‘கைரேகை, மேகமே, யானையா’ என்று திருப்பிப் படித்துச் சிரித்தால் கேலிக்கூத்தா? பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் ‘தாத்தா’ என்ற சொல்லையே திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் எனக்குக் கடிதம் எழுதுங்கள், திட்டித்தான் எழுத வேண்டும் என்றாலும் சரி.

ஒரு அம்மா, சிங்கப்பூர்: ஆறு வயது மகனுக்குத் தமிழ் புரிகிறது. பேசினால் ‘நான் பூனை பார்த்தேன்’ என்று உருபே இல்லாமல் சொல்கிறான். இந்த வயதில் வேற்றுமை உருபு எல்லாம் சொல்லித்தர முடியுமா?

‘வேற்றுமை உருபு’ என்ற பெயரைச் சொல்லித்தர முடியாது, உருபைச் சொல்லித்தரலாம். ஒரு காகிதத் தொப்பி செய்து அதில் பெரிதாக ‘ஐ’ என்று எழுதுங்கள். ஒரு பூனை பொம்மை, ஓர் எலி பொம்மை. தொப்பி போட்டவர் பாடு திண்டாட்டம், அவரைத்தான் துரத்துவார்கள். எலிக்குத் தொப்பி போட்டால் ‘பூனை எலியைத் துரத்தியது’. கழற்றிப் பூனைக்குப் போட்டால் ‘பூனையை எலி துரத்தியது’. பொம்மைகளை இடம் மாற்றி வைத்துப் பாருங்கள், ‘எலியைப் பூனை துரத்தியது’ என்றாலும் ஓடுவது தொப்பிக்கார எலிதான். வெளியே அவன் கேட்கும் ஆங்கிலத்தில் யார் முன்னால் நிற்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் கதை மாறும். தமிழில் தொப்பி யார் தலையில் என்பதைப் பொறுத்து மாறும். இது பிடிபட்டதும் அவன் செய்யப்போவது எனக்குத் தெரியும், ‘என்னைச் சோறு சாப்பிட்டது’ என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பான். திருத்தாதீர்கள். அது பிழை இல்லை, தெரிந்தே செய்த குறும்பு. ‘ஐயோ, எந்தக் கையை முதலில் சாப்பிட்டது?’ என்று கேளுங்கள்.

ஐ நன்றாக ஊறிய பிறகு ‘கு’ தொப்பி, அவருக்குத்தான் பரிசு கிடைக்கும். ‘ஆல்’ தொப்பி அப்புறம் பார்க்கலாம், அவசரமில்லை. எம்.ஆர்.டி. ரயில் நிலையங்களில் தமிழிலும் பெயர் எழுதியிருக்கிறதே, அதில் முதல் எழுத்தைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு கைதட்டல் என்று வைத்துக்கொண்டால் பயண நேரமும் வீணாகாது.

இரட்டையர்களின் சித்தி, சேலம்: பஸ்ஸில் போகும்போது போன் கேட்டு அழாமல் இருக்க ஒரு விளையாட்டு சொல்லுங்கள். காகிதம், பேனா எதுவும் இல்லாமல்.

தலை வெட்டும் விடுகதை. குளத்தில் கத்துவேன், தலையை எடுத்தால் கையில் குலுங்குவேன்: தவளை, வளை. லாயத்தில் நிற்பேன், தலையை எடுத்தால் சன்னலில் தொங்குவேன்: குதிரை, திரை. இடுப்பை எடுக்கும் விடுகதையும் உண்டு. கையில் இருப்பேன், இடுப்பை எடுத்தால் அம்பு விடுவேன்: விரல், வில். வெளிச்சமாக இருப்பேன், இடுப்பை எடுத்தால் வாய்க்குள் ஒளிந்துகொள்வேன்: பகல், பல். இரண்டு மூன்று நீங்கள் சொன்னால் போதும், அப்புறம் அவர்களே செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒருவன், பரீட்சையில் எப்போதும் சிவப்புக் கோடு வாங்குகிறவன், ஒரு நாள் எழுந்து நின்று கேட்டான்: ‘தலையை வெட்டினாலும் தலைதான் மிச்சம், நான் யார்?’ எனக்குத் தெரியவில்லை. முதலை.

ஒரு தாத்தா, காரைக்குடி: நான் ‘லை’ எழுதினால் பேத்தி ‘தாத்தா, யானை வரையிறீங்களா?’ என்கிறாள். நான் எழுதுவது தப்பா?

தப்பில்லை, நீங்கள் படித்தபோது அதுதான் சரி. பெரியார் 1935-லேயே ‘குடிஅரசு’ இதழில் எழுத்தைச் சீர்திருத்தி அச்சிடத் தொடங்கினார், தமிழக அரசு அதை ஏற்றது 1978-ல். அதுவரைக்கும் ணை, லை, ளை, னை எல்லாவற்றுக்கும் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு இருந்தது. பேத்தியிடம் அந்த யானைகளைக் காட்டுங்கள். பழைய புத்தகம் ஒன்றைக் கொடுத்து ஒரு பக்கத்தில் எத்தனை யானை என்று எண்ணச் சொன்னால் அரைமணி நேரம் நீங்கள் நிம்மதியாகக் காப்பி குடிக்கலாம்.

நாலாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்: டீச்சர், ஃ எதுக்கு இருக்கு? எங்க டீச்சர் ‘எஃகு’ மட்டும்தான் சொல்றாங்க. வேற வார்த்தையே இல்லையா? ஃபேன்ல வர்றது இதுதானா?

கண்ணு, நல்ல கேள்வி. ஃபேனிலும் ஃபோனிலும் வருவது இதே மூன்று புள்ளிதான், ஆனால் அங்கே அது வேறு வேலை பார்க்கிறது. தமிழில் இல்லாத ஒரு சத்தத்துக்காகப் பின்னாளில் ப-வுக்கு முன்னால் நிறுத்தி வைத்தார்கள். அதன் சொந்த வேலை வேறு. அது எப்போதும் நடுவில்தான் நிற்கும். முன்னால் ஒரு குறில் இருக்க வேண்டும், பின்னால் க, ச, ட, த, ப, ற இருக்கிற வல்லின வீட்டிலிருந்து ஒருத்தர் வர வேண்டும். உன் எஃகுவையே பார், எ குறில், கு வல்லினம். இரண்டு பக்கமும் ஆள் இல்லாமல் அது வெளியே வராது, அவ்வளவு கூச்சம்.

உன் இலக்கணப் புத்தகத்தில் உயர்திணைக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கும், எட்டிப் பார். இன்னும் இரண்டு நீயே கண்டுபிடித்து எனக்கு எழுது. அப்பாவைக் கேட்காதே, அவர் போனில் தேடுவார்.